பட்டினி வித்தைக்காரர்கள் விட்டுச்சென்ற கணக்கு

1912 ஏப்ரல் 14 அன்று பாஸ்டன் நகரில், ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியை ஒட்டியிருந்த கார்னகி நிறுவனத்தின் ஊட்டவியல் ஆய்வுக்கூடத்தில், மால்டா தீவிலிருந்து வந்திருந்த அகோஸ்தினோ லெவன்சின் என்ற வழக்கறிஞர் பட்டினி கிடக்கத் தொடங்கினார். 31 நாள் காய்ச்சி வடித்த தண்ணீரைத் தவிர வேறெதுவும் அவர் வாயில் படவில்லை. இரவில் அவரைக் காற்றுப் புகாத பெட்டி ஒன்றுக்குள் படுக்கவைத்தார்கள். உள்ளே அவர் உறங்க, அவர் இழுத்த பிராணவாயு எவ்வளவு, விட்ட கரியமில வாயு எவ்வளவு, உடலிலிருந்து வெளியேறிய வெப்பம் எவ்வளவு என்று வெளியே அளந்துகொண்டிருந்தார்கள். காலையில் எடை, நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாம் குறிக்கப்பட்டன. சிறுநீர் துளி சிந்தாமல் சேகரிக்கப்பட்டு, அதில் இருந்த நைட்ரஜன் நாள்தோறும் நிறுக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஃபிரான்சிஸ் பெனடிக்ட் இந்த எண்களையெல்லாம் திரட்டி 1915 இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். 60 கிலோவுக்குச் சற்று மேல் இருந்த மனிதர் 47 கிலோவில் வந்து நின்றார் என்பது அதில் எல்லாருக்கும் புரியும் செய்தி. யாருக்கும் முழுதாகப் புரியாத செய்தி சிறுநீர் அட்டவணையில் இருந்தது.

பட்டினியில் உடல் வெறுமனே வற்றிக்கொண்டு போவதில்லை. ஒரு வேலையை முறைப்படி நிறுத்திவிட்டு வேறொரு வேலையை முறைப்படி தொடங்குகிறது. இந்த மாற்றத்தைச் செய்பவை கொழுப்பை வெட்டி, கடத்தி, எரிக்கும் நொதிகள். அவற்றுக்குப் பெயர் வைக்கப்படுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அவற்றின் வேலை அந்த அட்டவணையில் எண்ணாகப் பதிந்திருந்தது. அந்த எண்ணை அறிவியல் கைக்குக் கொண்டுவந்ததில், மேடை போட்டுப் பட்டினி கிடந்து காசு பார்த்த ஒரு தொழிலுக்குப் பெரிய பங்கு உண்டு. உடலியல் வரலாற்றில் அந்தத் தொழிலுக்கு அடிக்குறிப்பு அளவு இடம்தான் கிடைத்திருக்கிறது. அது நியாயமில்லை என்பதே என் வாதம்.

அந்தத் தொழில் 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் உச்சத்தில் இருந்தது. 1880 இல் ஹென்றி டானர் என்ற மருத்துவர் நியூயார்க்கின் கிளாரெண்டன் அரங்கில், கண்காணிப்பாளர்கள் சூழ 40 நாள் பட்டினி கிடந்தார்; நாளேடுகள் தினமும் அவர் எடையை அச்சிட்டன. அவருக்குப் பின் வந்தவர்களில் பெரும்புகழ் பெற்றவர் இத்தாலியரான ஜொவான்னி சுச்சி. ஆப்பிரிக்காவில் கிடைத்த ஒரு சாறுதான் தன்னைத் தாங்குகிறது என்று சொல்லிக்கொண்டு, 1886 இல் மிலானில் 30 நாள் பட்டினி கிடந்தார். 1890 இல் லண்டன் ராயல் அக்வேரியத்தில் 40 நாள். நடுவே 1888 இல் ஃபிளாரன்ஸ் நகரில் லூயிஜி லூச்சியானி என்ற உடலியலாளர் அவரை 30 நாள் தன் ஆய்வுக்கு உட்படுத்தி, மறு ஆண்டே பட்டினியின் உடலியல் பற்றி நூல் எழுதினார். பெர்லினில் 1887 இல் செட்டி என்ற வித்தைக்காரரை நாதன் சூன்ட்ஸ், ஃபிரீட்ரிக் முல்லர் முதலானோர் 10 நாள் ஆராய்ந்தார்கள். அவர் உடல் அசிட்டோனை வெளியேற்றுவதைக் குறித்துவைத்தார்கள். லெவன்சின் மேடை வித்தைக்காரர் அல்லர். பட்டினியால் உடல் தூய்மையாகும் என்று நம்பிப் பிரசாரம் செய்தவர். என்றாலும், ஒரு மனிதர் ஒரு மாதம் உண்ணாமல் உயிரோடு இருப்பார், அதைப் பக்கத்தில் இருந்து அளக்கலாம் என்ற துணிவை ஆய்வுக்கூடங்களுக்குத் தந்தவர்கள் சுச்சியும் செட்டியும்தான். 1922 இல் காஃப்கா பட்டினிக் கலைஞன் ஒருவனைக் கதைக்குப் பொருளாக்கியபோது தொழிலின் பெருமை ஏறக்குறைய வடிந்துவிட்டது.

லெவன்சினின் சிறுநீரில் நைட்ரஜன் நான்காம் நாளில் 12 கிராமை நெருங்கியது. பிறகு மெல்ல இறங்கி மாதக் கடைசியில் 7 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு கிராம் நைட்ரஜன் வெளியேறினால் ஏறத்தாழ ஆறேகால் கிராம் புரதம் கரைந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் 31ஆம் நாளில் அவர் இழந்தது சுமார் 44 கிராம் புரதம். இதில் என்ன சிக்கல் என்பது 1940களில், மூளை எவ்வளவு இரத்தத்தைப் பெற்று எதை எரிக்கிறது என்று அளக்கும் முறை வந்த பிறகுதான் தெளிவாகியிருக்க வேண்டும். மனித மூளை நாளுக்கு 100 கிராமுக்குக் குறையாமல் குளுக்கோஸ் எரிக்கிறது. கல்லீரலில் சேர்த்துவைத்த கிளைக்கோஜன் ஏறக்குறைய ஒரே நாளில் தீர்ந்துவிடும். கொழுப்பு அமிலங்களைக் குளுக்கோஸாக மாற்ற நம் உடலால் முடியாது. கொழுப்பு உடையும்போது கிடைக்கும் கிளிசரால் மட்டும் 15, 20 கிராம் குளுக்கோஸாகலாம். மீதிக்குத் தசைப் புரதம்தான் வழி. 100 கிராம் புரதத்திலிருந்து 57 கிராம் அளவுக்குத்தான் குளுக்கோஸ் கிடைக்கும் என்பதால், மூளைக்குத் தீனி போட நாளுக்கு 150 கிராமுக்கு மேல் புரதம் கரைய வேண்டும். சிறுநீரில் 25 கிராம் நைட்ரஜன் வர வேண்டும். தசையில் ஐந்தில் ஒரு பங்குதான் புரதம். ஆகவே நாளுக்கு முக்கால் கிலோ தசை போயிருக்க வேண்டும். 31 நாளில் இருபது கிலோவுக்கு மேல். அவர் மொத்தமாக இழந்த எடையே 13 கிலோதான்.

பாடநூல் சொன்னபடி மூளை குளுக்கோஸை மட்டுமே எரிப்பதாக இருந்தால் லெவன்சின் அந்த மாதத்தைத் தாண்டியிருக்க முடியாது. தாண்டினார். இரண்டு எண்களும் அச்சில் இருந்தும் 1960களின் நடுப்பகுதி வரை அந்த முரண்பாட்டை யாரும் தீர்த்துவைக்கவில்லை. அதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு உறுதியான நம்பிக்கைகள் வழியை மறித்து நின்றன. முதலாவது, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் நஞ்சு என்பது. 1884 இல் நீரிழிவுக்காரர்களின் சிறுநீரில் அவற்றில் ஒன்றான பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரிக் அமிலத்தைக் கண்டவர்கள் அதைச் சாவுக்கு முந்திய மயக்கத்தோடு சேர்த்தே பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததும் பொய்யில்லை. இன்சுலின் வருவதற்கு முன் அந்த மயக்கத்திலிருந்து மீண்டவர்கள் அரிது. செட்டியிடம் அதே இனத்துப் பொருள் தென்பட்டபோது, அதை உடல் தடுமாறுவதன் அடையாளமாகப் படிப்பது எளிதாக இருந்தது. உடல் தானே சமைத்துக்கொண்ட உணவாகப் படிக்கக் காலம் பிடித்தது. இரண்டாவது, கொழுப்புத் திசு ஒரு செயலற்ற கிடங்கு என்ற எண்ணம். எலிகளின் கொழுப்பு ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது என்று ருடால்ஃப் ஷோன்ஹைமர் 1935 இல் கன ஹைட்ரஜனை வைத்துக் காட்டினார். ஆனாலும் 1956 இல்தான் வின்சென்ட் டோலும், தனியாக ராபர்ட் கார்டனும், இரத்தத்தில் கட்டற்று ஓடும் கொழுப்பு அமிலங்கள் பட்டினியில் ஏறுகின்றன, குளுக்கோஸ் கொடுத்ததும் இறங்குகின்றன என்று கண்டார்கள். சாப்பாட்டுக்கும் கிடங்குக்கும் நடுவே யாரோ ஒரு கதவைத் திறந்து மூடுகிறார்கள் என்பது அதன்பிறகு மறைக்க முடியாததாயிற்று.

அதே பாஸ்டனில், அதே ஹார்வர்ட் வட்டாரத்தில், ஜார்ஜ் கேஹிலும் ஆலிவர் ஓவனும் 1967 இல் விடையைக் கண்டார்கள். உடல் பருமனுக்குச் சிகிச்சையாக ஐந்தாறு வாரம் பட்டினி கிடந்த மூன்று நோயாளிகளின் மூளையிலிருந்து இறங்கும் கழுத்து நாளத்தில் மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளைக்குள் போகும் இரத்தத்தையும் மூளையை விட்டு வரும் இரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். உள்ளே போன கீட்டோன்களில் ஒரு பகுதி வெளியே வரவில்லை. மூளை எரித்ததில் பெரும்பங்கு அவைதான். குளுக்கோஸ் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. நஞ்சென்று ஒதுக்கப்பட்ட பொருள்தான் லெவன்சினின் தசையைக் காப்பாற்றியிருந்தது. 1915 நூலின் 7 கிராம் நைட்ரஜன் அன்றுதான் முழுதாகப் படிக்கப்பட்டது என்பேன்.

அந்தக் கீட்டோன்களை உண்டாக்க நொதிகள் செய்யும் வேலை கிடங்கின் வாசலில் தொடங்குகிறது. சாப்பிட்ட வேளையில் இரத்தத்தில் இன்சுலின் உயர்ந்திருக்கும். கொழுப்புத் திசுவின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டியிருக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் அப்போது இரத்தத்திலிருந்து கொழுப்பைப் பிரித்து உள்ளே சேர்க்கும். பட்டினியில் இதே நொதி கொழுப்புத் திசுவில் தணிந்து, தசையிலும் இதயத்திலும் உயர்கிறது. ஒரே நொதி, இரண்டு இடத்தில் எதிரெதிர்த் திசையில் நடக்கிறது. உடல் வெறுமனே சோர்ந்துபோகிறது என்றால் இரண்டு இடத்திலும் சேர்ந்தே இறங்கியிருக்க வேண்டும். பட்டினி ஒரு முறையான மாற்றம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. கிடங்குக்குள்ளே கொழுப்புத் துளியின் மேற்பரப்பைப் பெரிலிப்பின் என்ற புரதம் காத்து நிற்கிறது. இன்சுலின் இறங்கி, நரம்புகள் விடும் நார்அட்ரினலின் கை ஓங்கும்போது அந்தக் காவல் தளர்கிறது. பெரிலிப்பின் பிடித்துவைத்திருந்த துணைப் புரதம் ஒன்று விடுபட்டு வெட்டும் நொதியைத் தூண்டுகிறது. ஒரு கொழுப்பு மூலக்கூறில் மூன்று அமிலங்கள் கோத்திருக்கும். மூன்றையும் ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும்.

முதல் வெட்டு யாருடையது என்பதில் அறிவியலே நாற்பது ஆண்டு பிழையாக இருந்தது. 1960களில் மார்த்தா வானும் டேனியல் ஸ்டைன்பர்க்கும் ஆராய்ந்த ஹார்மோனுக்கு வளையும் லைப்பேஸ்தான் எல்லாவற்றையும் தொடங்கிவைக்கிறது என்று பாடநூல்கள் எழுதின. 2000 இல் அந்த நொதியே இல்லாத எலிகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். எலிகள் பருத்துப்போகவில்லை; கொழுப்பு உடைவதும் நிற்கவில்லை. பின்னர் அத்தகைய எலிகளின் திசுக்களில் இரண்டு அமிலம் மிச்சமுள்ள கொழுப்பு தேங்கிக்கிடப்பது தெரிந்தது. முதல் வெட்டு விழுகிறது, இரண்டாவதுதான் விழவில்லை என்பது அதன் பொருள். முதலாவதைச் செய்யும் நொதியை 2004 இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ருடால்ஃப் செக்னர் குழு அடையாளம் காட்டி ஏடிஜிஎல் என்று பெயரிட்டது. அதே ஆண்டில் பெர்க்லியில் ஹெ சுக் சுல் குழுவும் அதையே வேறு வழியில் கண்டது. பட்டினி கிடந்த எலியின் கொழுப்புத் திசுவில் எந்த மரபணு பெருகுகிறது, உணவு கொடுத்ததும் எது அடங்குகிறது என்று தேடிப் போனவர்கள் அவர்கள். 21ஆம் நூற்றாண்டிலும் கொழுப்பு வெட்டும் முதல் நொதியைப் பிடிக்க, சாப்பாட்டை நிறுத்திப் பார்ப்பது ஒரு வழியாக இருந்திருக்கிறது.

வெட்டப்பட்ட அமிலங்கள் கல்லீரலுக்கு வந்தால் மட்டும் போதாது; எரிகிற இடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய வேண்டும். நுழைவாயிலில் இருப்பது சிபிடி-1 என்ற நொதி. அதைப் பூட்டும் சாவி மலோனைல் கோஏ என்று டெக்சாஸில் டெனிஸ் மெக்காரியும் டேனியல் ஃபாஸ்டரும் 1977 இல் கண்டது இந்தத் துறையிலேயே அழகான கண்டுபிடிப்பு. மலோனைல் கோஏ என்பது கல்லீரல் புதுக் கொழுப்பைக் கட்டும்போது முதலில் உண்டாகும் பொருள். கட்டும் வேலை நடந்தால் எரிக்கும் வாசல் பூட்டிக்கிடக்கும். கட்டுவது நின்றால் பூட்டு தானே கழன்றுவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து வீணாக்கும் குழப்பம் நேராது. வாசல் திறந்ததும் அமிலங்கள் எரிந்து, மிஞ்சியவை கீட்டோன்களாகி மூளைக்குப் போகின்றன. இவை நிமிடக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் நடக்கும் மாற்றங்கள். நாள் கணக்கில் இன்னொன்றும் நடக்கிறது. பிபார் ஆல்ஃபா என்ற புரதம் கல்லீரல் செல்லின் உட்கருவில் உட்கார்ந்து, கொழுப்பை எரிக்கும் நொதிகளையே கூடுதலாகச் செய்ய ஆணையிடுகிறது. அது இல்லாத எலிகளை 1999 இல் பட்டினி போட்டபோது கீட்டோன் உயரவில்லை, இரத்தச் சர்க்கரை சரிந்தது, கல்லீரல் கொழுப்பால் நிறைந்தது. கீட்டோன் பற்றிய பழைய அச்சத்துக்கும் இங்கேதான் விளக்கம் கிடைக்கிறது. பட்டினிக்காரரிடம் சிறிதளவு இன்சுலின் எப்போதும் இருந்து வெட்டும் நொதிகளுக்குக் கடிவாளம் போடுகிறது. இன்சுலினே சுரக்காத நீரிழிவுக்காரரிடம் அந்தக் கடிவாளம் இல்லை. நொதிகள் அவைதான், ஒருவரைக் காக்கின்றன, மற்றவரைக் கொல்கின்றன.

வித்தைக்காரர்களை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. டானரும் சுச்சியும் இரவில் ஒளித்துத் தின்றிருக்கலாம் என்ற ஐயம் அவர்கள் காலத்திலேயே எழுந்தது. மேடைக் காட்சியைப் பற்றி அந்த ஐயம் நியாயமானதுதான்; மேடையை மட்டும் வைத்து நான் எதையும் நிறுவமாட்டேன். ஆய்வுக்கூடத்துக் கணக்கில் ஏமாற்ற முடியாது. மாவுச்சத்து எரியும்போது உடல் விடும் கரியமில வாயுவும் இழுக்கும் பிராணவாயுவும் சம அளவாக இருக்கும். கொழுப்பு எரியும்போது விகிதம் 0.7 ஆகக் குறையும். முதல் சில நாள் கழிந்தபின் லெவன்சினின் மூச்சு 0.72 ஐ ஒட்டியே இருந்தது. ஒரு ரொட்டித் துண்டு உள்ளே போயிருந்தாலும் இரவுப் பெட்டி காட்டிக்கொடுத்திருக்கும்.

இன்னொரு மறுப்பு கனமானது. மனிதரைப் பட்டினி போட வேண்டிய அவசியமே இல்லை. விலங்குகளை வைத்தே வேதியியலாளர்கள் இதையெல்லாம் கண்டிருப்பார்கள் என்பது அது. கொழுப்பு அமிலம் இரண்டிரண்டு கார்பனாக வெட்டுப்பட்டு எரிகிறது என்பதை ஃபிரான்ஸ் நூப் 1904 இல் நாய்களைக் கொண்டே நிறுவினார் என்பதும் உண்மை. ஆனால் நாய் பட்டினியில் மனிதரைப் போலக் கீட்டோனை ஏற்றிக்கொள்வதில்லை. படுத்திருக்கும் மனிதர் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை மூளை ஒன்றே வாங்கிக்கொள்கிறது. இவ்வளவு பெரிய மூளைக்குத் தீனி போடும் சிக்கல் நாய்க்கு இல்லை. சிக்கல் மனிதருடையது, ஆகவே அதன் தடயமும் மனித உடலில்தான் கிடைத்தது. எலியில் கண்ட நொதிகள் நமக்குப் பொருந்துமா என்பதற்கும் மனிதரிடமே விடை இருக்கிறது. நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்களை எரிக்கும் எம்காட் என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளை 1980களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் இனங்கண்டார்கள். பால் குடித்துக்கொண்டிருக்கும்வரை அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. காய்ச்சலில் ஒருநாள் சாப்பிடாமல் கிடந்தால் சர்க்கரை சரியும், கீட்டோன் எழாது, உயிரே போகலாம்.

இவ்வளவு ஒழுங்காக நொதிகள் வேலை செய்கின்றன என்றால் பட்டினி நல்ல மருந்துதானே என்று லெவன்சின் வழியில் இன்றும் பலர் கேட்கிறார்கள். தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு வேறு, நலம் தரும் ஏற்பாடு வேறு. 1960களில் பருமனுக்கு நீண்ட பட்டினியைச் சிகிச்சையாகக் கொடுத்தபோது, ஸ்காட்லாந்தில் ஆங்கஸ் பார்பியேரி என்ற இளைஞர் 1965-66 இல் 382 நாள் உண்ணாமல் இருந்து 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு இறங்கினார். அதே சிகிச்சையில் இறந்தவர்களும் உண்டு. அந்த முறை பின்னர் கைவிடப்பட்டது. பார்பியேரியின் கிடங்கு பெரிது. 70 கிலோ எடையுள்ள ஒருவரிடம் 15 கிலோ கொழுப்பு, அதாவது 1,41,000 கலோரி அளவுக்குத்தான் இருக்கும் என்று கேஹில் கணக்கிட்டார். இரண்டு மூன்று மாதத்தில் அது தீர்ந்துபோகும். 1981 இல் வட அயர்லாந்துச் சிறையில் உண்ணாநோன்பு இருந்து இறந்த 10 பேர் தாங்கியது 46 முதல் 73 நாள். 1952 இல் சென்னையில் ஆந்திர மாநிலத்துக்காக உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 58ஆம் நாளில் உயிர்விட்டார். தண்ணீரும் மறுத்தால் கொழுப்புக் கணக்கே செல்லாது. 1987 இல் நல்லூரில் தண்ணீரும் அருந்தாமல் உண்ணாநோன்பிருந்த திலீபன் 12ஆம் நாளில் இறந்தார்.

தாமாக விரும்பி, நல்ல ஊட்டத்தோடு தொடங்கியவர்களைத்தான் வித்தை மேடையும் பாஸ்டன் பெட்டியும் காட்டின என்பதை மறக்கக் கூடாது. கட்டாயப் பட்டினியின் கதை வேறு. 1942 பிப்ரவரி முதல் வார்சா யூதச் சேரியில் இஸ்ரயேல் மிலெய்கோவ்ஸ்கியின் தலைமையில் மருத்துவர்கள், தாங்களும் பசியில் வாடிக்கொண்டே, தங்கள் மருத்துவமனைகளில் பசியால் மடிந்துகொண்டிருந்தவர்களை அளந்து எழுதினார்கள். ஜூலையில் நாஜிகள் மக்களை வதைமுகாமுக்கு அனுப்பத் தொடங்கியதும் பணி முறிந்தது. எழுதியவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. கையெழுத்துப்படி வெளியே கடத்தப்பட்டு 1946 இல் அச்சானது. கொழுப்பு முற்றிலும் போய்விட்ட உடல்களில் என்ன நடக்கிறது என்பதை அந்தப் பக்கங்கள் பதிவுசெய்தன. அந்த நிலையில் வெட்டும் நொதிகளுக்கு வெட்ட எதுவும் மிஞ்சியிருக்காது. லெவன்சினிடம் 7 கிராமுக்கு இறங்கிய நைட்ரஜன், கொழுப்பு தீர்ந்த உடலில் திரும்பவும் ஏறத் தொடங்கும். பட்டினி போட்ட விலங்குகளிடம், சாவுக்குச் சில நாள் முன்னால் இந்த ஏற்றத்தை 19ஆம் நூற்றாண்டு உடலியலாளர்களே அளந்து வைத்திருந்தார்கள்.